மாமா, இந்த ஒரு கணக்கை மட்டும் போட்டுக் குடுங்க

டிஸ்கி: நான் வாத்தியார் இல்லை. பொட்டி தட்டிப் பிழைக்கிறவன். ஒரு காலத்துல இ.சி.இ. படிச்சேன்ங்கிறதைத் தவிர இந்த விஷயத்துல வாய் திறக்க எனக்கு வேற தகுதி கிடையாது. வாத்தியார் மக்கள் யாராவது படிச்சா கோவிச்சுக்குங்க, தப்பில்லை. ஆனா முழுசாப் படிச்சுட்டுக் கோவிச்சுக்குங்க :-)

போன செமஸ்டர்ல ஒரு ஞாயித்துக்கிழமை, ராத்திரி பதினொண்ணு. தூங்கப் போற நேரத்துல போன் கிணுகிணுன்னுச்சு. அக்கா பொண்ணு. இன்ஜினியரிங் மூணாம் வருஷம். ஒரு பக்கத்தை போட்டோ புடிச்சு அனுப்பியிருக்கா. கீழே ஒரே வரி: "மாமா, இந்த ஒரு கணக்கை மட்டும் போட்டுக் குடுங்க. நாளைக்கு சப்மிஷன்."

டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸிங். இசட் ட்ரான்ஸ்ஃபார்ம். ஒரு கணக்குன்னு சொன்னாலும் அதுக்குள்ள ஏ, பி, சி-ன்னு மூணு குட்டி.

"நீ எதுவரைக்கும் போட்ட?"ன்னு கேட்டேன்.

"ஒண்ணுமே புரியல மாமா."

இந்த இடத்துல நம்மாளுங்க ரெண்டு கட்சியாப் பிரிவாங்க. முதல் கட்சி, "இந்தக் காலத்துப் பசங்களுக்கு சொந்தமா யோசிக்கவே தெரியல, நாங்கெல்லாம் அந்தக் காலத்துல..."ன்னு ஆரம்பிக்கும். ரெண்டாவது கட்சி, "பாவம் புள்ள, நாளைக்கு சப்மிஷனாம்"னு அஞ்சு நிமிஷத்துல போட்டு அனுப்பிட்டு, அறிவாளிப் பட்டத்தோட தூங்கப் போயிடும். ரெண்டு கட்சி மேலயும் எனக்குக் கோவம் இருக்கு. முதல் கட்சி பேசுறது பொய். ரெண்டாவது கட்சி செய்யுறது துரோகம். இதைக் கொஞ்சம் விளக்கமா சொல்லத்தான் இன்னைக்கு வந்திருக்கேன்.

முதல்ல அந்தப் பொய். நாங்க படிச்ச 2004-ல ஹாஸ்டல்ல அசைன்மென்ட்னா என்ன தெரியுமா? ஒரு நோட்டு. ஒருத்தன் எழுதுவான். அது ரூம் ரூமா ஊர்வலம் போகும். ஒரு தடவை அந்த ஒரிஜினல் நோட்டுல டீ கொட்டி ஒரு மைனஸ் அழிஞ்சு போச்சு. அடுத்த நாள் காலையில நாப்பது நோட்டுல மைனஸ் இல்லை! நாப்பது பேருக்கும் பத்துக்கு ஒன்பது. டிக் அடிச்சவருக்கும் அது தெரியல, எழுதின எங்களுக்கும் தெரியல. எட்டுப் புள்ளி எஃப்.எஃப்.டி. பட்டாம்பூச்சிப் படத்தை மார்கழிக் கோலம் மாதிரி அவ்வளவு அழகாப் போடுவோம். நேராப் போட்டா 64 பெருக்கல், இப்படிப் போட்டா 12-ங்கிறதை ரெண்டு மார்க்குக்கு மனப்பாடமும் பண்ணி வெச்சிருந்தோம். 64 எப்படி 12 ஆச்சுன்னு யாரும் கேக்கல. கூலியும் டுக்கியும் 1965-ல இதை எழுதினது எதுக்குன்னும் கேக்கல. அந்தப் பரம்பரையில வந்த நாமதான் இன்னைக்கு பசங்களைப் பாத்து 'சொந்தமா யோசி'ன்னு சொல்றோம். நல்லாருக்கு நியாயம்.

இப்போ துரோகம். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

அந்த ஒரிஜினல் நோட்டு எழுதினவன் யாரு? அடியேன்தான். என் ரூம்மேட் ஒருத்தன். தமிழ் மீடியம். +2 கணக்குல இருநூத்துக்கு நூத்தித் தொண்ணூத்தி சொச்சம் வாங்கிட்டு வந்தவன். காலேஜ்ல முதல் செமஸ்டர்லயே வாயை மூடிக்கிட்டான். ஒரு தடவை வகுப்புல எழுந்து தமிழ்ல சந்தேகம் கேட்டான். "ஆஸ்க் இன் இங்கிலீஷ்"னு பதில் வந்துச்சு. அவன் உக்காந்தவன்தான். நாலு வருஷத்துல அப்புறம் எந்த வகுப்புலயும் எழுந்திருக்கல.

ஆனா ரூம்ல என்கிட்ட கேட்டான். சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ், கன்வல்யூஷன். "டேய், ரெண்டு சிக்னலை எடுத்துக்கறோம். ஒண்ணை அப்படியே வெச்சுட்டு இன்னொண்ணை மட்டும் ஏன்டா திருப்பிப் போடுறோம்? திருப்பாம பெருக்கினா என்னவாம்?"

யோசிச்சுப் பாருங்க மக்களே. மொத்த வகுப்புலயும் கேக்கப்பட்ட ஒரே நிஜமான கேள்வி அது. எனக்கு பதில் தெரியல. தெரியலன்னு சொல்லியிருக்கலாம். நான் சொன்னது: "மச்சி, அது அப்படித்தான். இதெல்லாம் எக்ஸாம்ல கேக்க மாட்டான். இந்தா நோட்டு, பாத்து எழுதிக்க."

உதவி பண்ணிட்டதாத்தான் நெனச்சேன். அவனும் தேங்க்ஸ் மச்சின்னு சொன்னான். அந்தப் பேப்பர் அவனுக்கு அரியர். நாலாவது தடவைல, பதினாறு மார்க் கேள்வி எல்லாத்தையும் எழுத்துக்கூட்டி மனப்பாடம் பண்ணித்தான் வெளியே வந்தான். அதுக்குள்ள கேம்பஸ் எல்லாம் முடிஞ்சு போயிருந்தது.

நிற்க.

2017-ல சொந்தத்துல ஒரு கல்யாணம். சமையல் கான்ட்ராக்டர் யாருன்னு பாத்தா, நம்மாளு! மாவட்டத்துலயே பெரிய கை இப்போ. நாலு நாள் கல்யாணம், வெளியூர்க் கூட்டம். கையில ஒரு துண்டுச் சீட்டும் பென்சிலுமா நின்னுக்கிட்டு என் மாமா கிட்ட கேக்குறான்: "முதல் நாள் எத்தனை பேர் வர்றாங்க, ரெண்டாம் நாள் எத்தனை, மூணாம் நாள் எத்தனை?"

பத்து, இருபது, முப்பதுன்னு வெச்சுக்கங்க. வந்த அன்னைக்கு ஒருத்தருக்கு ரெண்டு இலை, மதியமும் ராத்திரியும். மறுநாள் காலை டிபனுக்கு ஒரு இலை, அதோட கிளம்பிடுவாங்க. அப்போ முதல் நாள் இலை 20. ரெண்டாம் நாள், புதுசா வந்த இருபது பேருக்கு 40, நேத்து வந்த பத்துப் பேருக்கு 10, ஆக 50. மூணாம் நாள் 60-ம் 20-ம் சேத்து 80. நாலாம் நாள் யாரும் புதுசா வரல, ஆனா நேத்து வந்த முப்பது பேருக்கு டிபன், 30. மொத்தம் 180. சரிபாக்கணுமா? அறுபது பேரு, ஆளுக்கு மூணு இலை, 180. முடிஞ்சது.

எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. அவன் போட்டது கன்வல்யூஷன். அச்சு அசலா அதேதான். வர்ற ஆளுங்க கணக்கு உள்ளே போற சிக்னல். 'ரெண்டு, ஒண்ணு'ங்கிற இலைக் கணக்கு சிஸ்டம். திருப்பிப் போடுறதும் அதுக்குள்ளேயே இருக்கு. வந்தவங்க பட்டியலைத் தேதி வரிசையில எழுதினா நேத்து இடப்பக்கம், இன்னைக்கு வலப்பக்கம். ஆனா 'ரெண்டு' இன்னைக்கு வந்தவங்களுக்கு, 'ஒண்ணு' நேத்து வந்தவங்களுக்கு. நேருக்கு நேரா வெச்சுப் பெருக்கணும்னா 'ஒண்ணு, ரெண்டு'ன்னு திருப்பி வெச்சாத்தானே பொருந்தும்? அம்புட்டுத்தான்!

"டேய், இதான்டா கன்வல்யூஷன்"னு அவன்கிட்ட சொன்னேன். சீட்டைப் பாத்தான், என்னைப் பாத்தான். சிரிச்சுக்கிட்டே, "இதை அப்பவே சொல்லியிருக்கலாம்ல மாப்ள"ன்னான்.

அவன் நல்லாத்தான் இருக்கான். என்னைவிட நாலு மடங்கு சம்பாதிக்கிறான். அதனால இதை சோகக் கதையாப் படிக்காதீங்க. ஆனா அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் உறுத்துது. கேள்வி கேட்டவனுக்கு நான் விடையைக் குடுத்தேன். அவன் கேட்டது விடை இல்லை.

இப்போ உங்கள்ல சிலர், "யோவ், இதெல்லாம் பழைய கதை, இப்போதான் எல்லாம் போன்லயே இருக்கே"ம்பீங்க. உண்மை. 2009-ல வுல்ஃப்ராம் ஆல்ஃபா வந்தது, இன்டகிரேஷன் எல்லாம் பொலபொலன்னு கொட்டுச்சு. 2022 நவம்பர்ல சாட்ஜிபிடி வந்தது. இப்போ கேள்வித்தாளைப் போட்டோ புடிச்சுக் காட்டினா ஸ்டெப் ஸ்டெப்பா எழுதித் தருது. விடைக்கு இருந்த பஞ்சம் தீந்து போச்சு. சந்தோஷம். ஆனா என் ரூம்மேட்டுக்கு 2004-லயும் விடைக்குப் பஞ்சம் இல்லையே? என் நோட்டு இருந்துச்சே? விடை கிடைச்சாப் போதும்னா அவன் ஏன் அரியர் வெச்சான்?

மெஷினைத் திட்டுறது என் நோக்கம் இல்லை. அன்னைக்கு நான் எதைப் பண்ணேனோ அதைத்தான் அதுவும் பண்ணுது, ஆனா என்னைவிட நல்ல கையெழுத்துல. "போட்டுக் குடு"ன்னா போட்டுக் குடுக்கும். "நான் இதுவரைக்கும் வந்துட்டேன், எந்த வரியில தப்பு பண்ணேன்னு மட்டும் காட்டு, மீதியைப் போடாதே"ன்னா அதையும் செய்யும். எதைக் கேக்கணும்னு நமக்குத் தெரியணும். அதைத்தான் எந்த யூனிட்லயும் சொல்லித் தரலையே.

சரி, அந்த ஞாயித்துக்கிழமைக்கு வருவோம். நான் போட்டுக் குடுக்கல. போன் பண்ணேன்.

"ஒண்ணுமே புரியலன்னு சொல்லாதே. எதையாவது எழுதிப் பாத்திருப்பல்ல, அதைப் படி."

கொஞ்ச நேரம் கழிச்சு மெதுவா சொன்னா: "ஏ-யும் போட்டேன், பி-யும் போட்டேன் மாமா. ரெண்டுக்கும் ஒரே விடை வருது. வேற வேற சிக்னலுக்கு எப்படி ஒரே விடை வரும்? ஏதோ தப்புன்னு கிழிச்சுப் போட்டுட்டேன்."

கவனிச்சீங்களா? கிழிச்சுப் போட்டது சரியான விடை! ஏ-ங்கிறது பூஜ்யத்துல ஆரம்பிச்சு வலப்பக்கமா போற சிக்னல். பி-ங்கிறது இடப்பக்கமா போற, மைனஸ் போட்ட சிக்னல். ரெண்டுக்கும் இசட் ட்ரான்ஸ்ஃபார்ம் ஒரே பின்னம்தான் வரும். வித்தியாசம் ஆர்.ஓ.சி.-ல, அதாவது அந்தக் கூட்டல் எந்தப் பகுதியில அடங்குதுங்கிறதுல இருக்கு. ஒண்ணுக்கு வட்டத்துக்கு வெளியே, இன்னொண்ணுக்கு வட்டத்துக்கு உள்ளே. அவளுக்கு வந்த சந்தேகம்தான் அந்தப் பாடத்தோட உயிரே. 'ஒண்ணுமே புரியல'ன்னு சொன்ன புள்ள, புரிய வேண்டிய ஒரே இடத்துல கரெக்டா வந்து நின்னுருக்கா.

நான் கேட்டேன்: "ஒண்ணு, அரை, கால், அரைக்கால்னு கூட்டிக்கிட்டே போனா எவ்வளவு?"

"ரெண்டு. ஃபார்முலா இருக்கே, ஒண்ணுக்குக் கீழே ஒண்ணு மைனஸ் ஆர்."

"அதே ஃபார்முலால ஒண்ணு, ரெண்டு, நாலு, எட்டுன்னு போட்டுப் பாரு."

"மைனஸ் ஒண்ணு." அப்புறம் அமைதி. "ஐய, அது எப்படி? பெருகிக்கிட்டே போறதுக்கு மைனஸ் எப்படி வரும்?"

"ஏன் வரக்கூடாது?"

"ஆர் ஒண்ணைவிட சின்னதா இருந்தாத்தான் ஃபார்முலா செல்லும்... ஓ. ஓஓ. அதான் ஆர்.ஓ.சி.-யா மாமா?"

நாப்பது நிமிஷம் ஆச்சு. நான் ஒரு வரி கூட போடல. இதுல நான் படிச்ச பாடம் ஒண்ணு இருக்கு: மூணாம் வருஷ டி.எஸ்.பி. சந்தேகத்துல முக்கால்வாசி டி.எஸ்.பி. சந்தேகமே இல்லை. +2 சந்தேகம். பெருக்குத் தொடர், கலப்பெண், அடுக்கு. அன்னைக்குப் புரியாம தாண்டி வந்தது மூணு வருஷம் கழிச்சு வேற பேர் வெச்சுக்கிட்டு வந்து நிக்குது. மூணாம் வருஷத்துல வந்து பெருக்குத் தொடரைக் கேட்டா மானம் போயிடும்னு யாரும் கேக்கறதில்லை. உதவி பண்றவனோட வேலையே அந்த ஒரு படி கீழே இறங்கிப் பாக்கறதுதான். மேலே நின்னுக்கிட்டு விடையைத் தூக்கிப் போடுறது இல்லை.

கணக்குன்னு சொன்னதும் நம்மூர்ல எல்லாரும் ராமானுஜனை இழுப்பாங்க. நானும் இழுக்கறேன், ஆனா வேற காரணத்துக்கு. 1912-ல அவர் மெட்ராஸ் போர்ட் ட்ரஸ்ட்ல குமாஸ்தா. எஃப்.ஏ. பரீட்சையில தேறாதவர். சென்னை இன்ஜினியரிங் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித் (இன்னைக்குக் கிண்டியில இருக்கே, அதே கல்லூரிதான்) அவரோட தாள்களை லண்டன்ல இருந்த தன் பழைய வாத்தியார் ஹில்லுக்கு அனுப்பினார். ஹில்லுக்கு எல்லாமே புரிஞ்சுடலை. ஆனா 'இந்தப் பையன் அடங்காத தொடர்கள்ல கால் வழுக்குறான்'னு இடத்தைத் தொட்டுக் காட்டி, ப்ராம்விச்சோட முடிவிலித் தொடர் புத்தகத்தைப் படிக்கச் சொன்னார். 1913 ஜனவரில ஹார்டிக்குக் கடிதம் போச்சு. ஹார்டி பதில்ல முக்கியமாக் கேட்டது நிரூபணம். 'எப்படி இந்த இடத்துக்கு வந்தே, காட்டு.' ராமானுஜனும் யாரையும் 'போட்டுக் குடுங்க'ன்னு கேக்கல. 'நான் போட்டது இது, பாருங்க'ன்னார். எல்லாராலும் ராமானுஜன் ஆக முடியாது. ஆனா அவர் கேட்ட மாதிரி கேக்க எல்லாராலும் முடியும். ஹில் மாதிரி பதில் சொல்லவும் முடியும். அதுக்கு மேதையா இருக்கணும்னு இல்லை.

"அதெல்லாம் சரி, நேரம் வேணாமா?"ங்கிறீங்களா. வேணும். நாப்பது நிமிஷம் இல்லன்னா பத்து நிமிஷம் குடுங்க. ஆனா அந்தப் பத்து நிமிஷத்துல பேனாவை வாங்காதீங்க. கேக்கறவங்களும் மூணே மூணு வரி எழுதிட்டுக் கேளுங்க: கணக்கு என்ன கேக்குது, நான் என்ன செஞ்சு பாத்தேன், எந்த வரியில நின்னுட்டேன். போல்யா 1945-லயே 'ஹவ் டு சால்வ் இட்' புத்தகத்துல இந்தக் கேள்விகளை வரிசைப்படுத்தி வெச்சுட்டாரு, நான் ஒண்ணும் புதுசா சொல்லிடல. பெரிய கணக்கு புரியலன்னா மூணு எண் வெச்சு சின்னதா ஒண்ணு போட்டுப் பாருங்க, இலைக் கணக்கு மாதிரி. சொல்லித் தர ஆளே இல்லையா? ஆப்பன்ஹைம் 1987-ல எடுத்த சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் பாடங்களை எம்.ஐ.டி. இலவசமாவே போட்டு வெச்சிருக்கு. நம்ம ஐ.ஐ.டி.-க்களும் ஐ.ஐ.எஸ்ஸி.-யும் சேந்து 2003-ல ஆரம்பிச்ச என்.பி.டெல். இருக்கு. பாடத்துக்குப் பஞ்சமே இல்லை. பக்கத்துல உக்காந்து 'எங்கே நின்ன?'ன்னு கேக்கறவனுக்குத்தான் பஞ்சம்.

இப்போ கசப்பான பகுதி. இதை மறைச்சா நான் எழுதினது எல்லாம் பொய்யாயிடும்.

அவ ஏ-யையும் பி-யையும் சொந்தமா ஆர்.ஓ.சி.-யோட எழுதினா. சி-யில பாதியில நின்னுட்டு, 'இதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை'ன்னு நேர்மையா ஒரு வரி எழுதிக் குடுத்தா. நான்தான் அப்படி எழுதச் சொன்னேன். கிடைச்சது பத்துக்கு அஞ்சு, பக்கத்துல 'இன்கம்ப்ளீட்'. போன்ல இருந்து பாத்து எழுதின அவ ஃபிரண்ட்ஸுக்கு ஒன்பது. "உங்களாலதான் மாமா"ன்னு ரெண்டு வாரம் பேசலை. எங்கக்கா மூணு வாரம் :-(

இன்டர்னல் மார்க்ல அந்த நாலு மார்க் அவளுக்கு நிஜமான நஷ்டம். இதுக்கு என்கிட்ட பதில் இல்லை. ஆனா ஒரு கேள்வி இருக்கு. காப்பி அடிச்சதுக்கு ஒன்பதும் யோசிச்சதுக்கு அஞ்சும் போடுற கை இருக்கே, அது பசங்களுக்கு என்ன சொல்லிக் குடுக்குது? 'தெரியாததைத் தெரியாதுன்னு சொன்னா தண்டனை'ன்னுதானே? 2004-ல மைனஸ் இல்லாத நாப்பது நோட்டுக்கும் டிக் அடிச்ச அதே கைதான் இது. காலேஜ் வேற, ஆள் வேற, கை ஒண்ணுதான். ஒரு வாத்தியாருக்கு அறுபது நோட்டு, நாலு வகுப்பு, அதுக்கு மேல ஆபீஸ் வேலை, எனக்கும் தெரியும். ஆனா அறுபது நோட்டுல ஒரே ஒரு நோட்டு மட்டும் பாதியில நின்னிருந்தா, அது ஏன் நின்னுச்சுன்னு ஒரு நிமிஷம் பாக்க மனசு வரணும். அந்த ஒரு நோட்டுதான் உங்ககிட்ட பேசுது. மீதி அம்பத்தொன்பதும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிட்டிருக்கு.

இந்த செமஸ்டர் ஆரம்பிச்சு ஒரு மாசம் கழிச்சு மறுபடி போட்டோ வந்துச்சு. இந்தத் தடவை புக்குப் பக்கம் இல்லை. அவ கையெழுத்து. அரைப் பக்கம் போட்டு, ரெண்டு இடத்துல அடிச்சுத் திருத்தி, கடைசியில ஒரு அம்புக்குறி. பக்கத்துல: "இங்க வரைக்கும் வந்துட்டேன். இதுக்கு அடுத்து லிமிட் ஏன் மாறுதுன்னு தெரியல."

மணி பதினொண்ணரை. தூக்கம் போச்சு. பரவாயில்லை, போன் பண்ணேன்.

பி.கு.: நம்ம சமையல் கான்ட்ராக்டர் நாலாம் நாள் வரப்போற 30 இலையையும், சீட்டுல இடமில்லன்னு முதல் நாள் கட்டத்துலயே சேத்து எழுதிட்டாருன்னு வெச்சுக்கங்க. இப்போ கணக்கு 50, 50, 80. மொத்தம் அதே 180. இதுக்குப் பேரு சர்க்குலர் கன்வல்யூஷன். தப்பைச் சரி பண்ண என்ன செய்யணும்? விடையை நான் சொல்ல மாட்டேன். நீங்க எந்த வரியில நின்னீங்கன்னு சொல்லுங்க, பேசுவோம் :-)